அவர் விரலில் இருந்தது மை இல்லை

சென்ற நாடாளுமன்றத் தேர்தலின்போது, ஆலங்குடிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் இது நடந்தது. சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அந்த ஊர் நடுநிலைப் பள்ளியில் இருந்த வாக்குச்சாவடிக்கு என்னைத் தலைமை அலுவலராகப் போட்டிருந்தார்கள். எனக்கு வீடு புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில். அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசியல் அறிவியல் நடத்துகிறேன். தேர்தல் வேலை எனக்குப் புதிதல்ல, ஆனால் தலைமை அலுவலராக அதுதான் முதல் தடவை. பயிற்சி வகுப்பில் கொடுத்த கையேட்டைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் அடிக்கோடு போட்டுப் படித்திருந்தேன். நம்மை யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது என்ற கர்வமும் கொஞ்சம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சாவடி வேலை தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. முதல் மேசையில் இருப்பவர் வாக்காளர் பட்டியலில் பெயரைப் பார்த்து, எண்ணைச் சத்தமாக வாசித்து, சிவப்புப் பேனாவால் கோடு போடுவார். பெண் என்றால் எண்ணைச் சுற்றி ஒரு வட்டமும் போடுவார். அடுத்த மேசையில் பதிவேட்டில் கையெழுத்தோ கைரேகையோ வாங்கிக்கொண்டு, இடது ஆள்காட்டி விரலில் மை வைப்பார்கள். மூன்றாவது மேசையில் இருப்பவர் பொத்தானை அழுத்தினால்தான் இயந்திரம் ஓட்டை வாங்கிக்கொள்ளும். இதையெல்லாம் மேற்பார்வை பார்க்க நான். சுவரோரமாகக் கட்சி ஏஜெண்டுகள், ஆளுக்கொரு பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மதியம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மூன்றே முக்கால் இருக்கும், ஒரு பெண் வந்தார். நாற்பத்தைந்து வயது சொல்லலாம். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு. ஏதோ வேலையிலிருந்து நேராக வருகிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. கையில் வாக்காளர் அட்டையும் சிலிப்பும் வைத்திருந்தார். முதல் மேசையில் இருந்தவர் பட்டியலைத் திருப்பினார், பேனாவை எடுத்தார், அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"மேடம், நானூத்திப் பன்னெண்டு. ஏற்கெனவே போட்டாச்சு."

எழுந்து போய்ப் பார்த்தேன். அந்த வரியில் சிவப்புக் கோடும் வட்டமும் தெளிவாக இருந்தன. பெயர் அவருடையது. கணவர் பெயரும் அட்டையில் இருந்ததுதான். அதற்குள் சுவரோரம் இருந்த ஏஜெண்டுகளில் ஒருவர் எழுந்துவிட்டார். அவர் பக்கத்துக் கிராமத்துக்காரர், அந்த ஊர் முகங்கள் அவருக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

"வெரலப் பாருங்க மேடம், வெரல!"

பார்த்தேன். இடது ஆள்காட்டி விரலின் நகத்தைச் சுற்றிக் கறுப்பாக இருந்தது.

அடுத்து நான் பேசியதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. வாசல் வரை வரிசை நின்றது. அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, வகுப்பில் காப்பியடித்த பிள்ளையைக் கேட்கிற குரலில் கேட்டேன்.

"ஏம்மா, ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுதானே? காலையிலயே போட்டுட்டு, மறுபடியும் வந்து நிக்கிறீங்களே?"

"இல்ல டீச்சர், இன்னைக்கு நான் இங்கிட்டு வாரதே இப்பத்தான்."

"அப்ப வெரல்ல இருக்கிறது என்ன? இது சட்டப்படி குத்தம். போலீஸ்ல சொன்னா கேஸாயிடும். பேசாம வீட்டுக்குப் போங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். வாசலில் இருந்த காவலர் தலையை உள்ளே நீட்டிப் பார்த்தார். அந்தப் பெண்ணின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அழுவார், இல்லாவிட்டால் சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் அட்டையையும் சிலிப்பையும் இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தார்.

"பத்து வெரல்லயுமா டீச்சர் மை வப்பீங்க?"

எல்லா விரல்களும் கறுத்திருந்தன. நகக்கண்கள், விரல் இடுக்குகள், உள்ளங்கை ரேகைகள் எல்லாமே. சில இடங்களில் தோல் உரிந்து வெளிறிப்போயிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டாவது மேசையில் மை வைத்துக்கொண்டிருந்த பெண் அலுவலர் எழுந்து வந்தார். அறந்தாங்கிப் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியை.

"மேடம், இது மை இல்ல. முந்திரிக்கொட்டை ஒடைக்கிறவங்க கை. அந்தக் கொட்டையோட ஓட்டுல இருந்து வர்ற பால் பட்டா தோலு வெந்து இப்படித்தான் கறுத்துப்போகும். எங்க அக்கா கையும் இப்படித்தான் இருக்கு."

நான் அதே மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். தீபாவளிக்குத் தீபாவளி ஆலங்குடி முந்திரிப் பருப்பு வாங்குகிறவள். அதை உடைக்கிற கை எப்படி இருக்கும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

சரி, விரல் விஷயம் தீர்ந்தது. ஆனால் பட்டியலில் இருந்த கோடு தீரவில்லையே. யாரோ இவர் பெயரில் ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். அதற்குக் கையேட்டில் வழி இருந்தது. டெண்டர் ஓட்டு என்பார்கள். இயந்திரத்தில் போட விடாமல் ஒரு காகித வாக்குச்சீட்டைக் கொடுத்து, அதில் முத்திரை குத்தச் சொல்லி, தனி உறையில் போட்டு வைக்க வேண்டும். விதி இருக்கிறது என்றதுமே எனக்கு மூச்சு வந்தது. குரலைத் தணித்துக்கொண்டு அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அத எண்ணுவாங்களா?"

நான் கொஞ்சம் தயங்கினேன். "சாதாரணமா எண்ண மாட்டாங்க. பின்னால யாராவது கேஸ் போட்டு, கோர்ட்டு உத்தரவு போட்டா எண்ணுவாங்க."

"எந்தக் கோர்ட்டுக்கு டீச்சர் நான் போறது?" என்றார். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டார். "எண்ணாத ஓட்ட நான் எதுக்குப் போடணும்? அது வேணாம். என் ஓட்டு எங்க போச்சுன்னு பாத்துச் சொல்லுங்க. நான் அந்தா, அந்த பெஞ்சில இருக்கேன்."

சொல்லிவிட்டுப் போய், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். காவலர் என்னைப் பார்த்தார், வெளியே அனுப்பவா என்று. வேண்டாம் என்று கையைக் காட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. அந்த ஒரு விஷயத்தை மட்டும் அன்று சரியாகச் செய்திருக்கிறேன்.

வரிசையை நகரச் சொல்லிவிட்டுப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். நானூற்றுப் பன்னிரண்டு என்ற எண்ணுக்கு நேரே அழகாகத் தமிழில் ஒரு கையெழுத்து இருந்தது. ஆதார் அட்டையைக் காட்டியதாகவும், அதன் கடைசி நான்கு எண்களும் குறித்திருந்தது. பெஞ்சில் இருந்தவரைக் கேட்டேன். தனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, ரேகைதான் என்றார்.

அந்தச் சமயத்தில் இன்னொரு கட்சியின் ஏஜெண்ட் சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்தார். அந்த ஊரிலேயே தையல் கடை வைத்திருப்பவர். பெஞ்சில் இருந்தவரைப் பார்த்து, "என்னக்கா, இங்க உக்காந்திருக்க?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் தன் பட்டியலைப் புரட்டினார். பிறகு தயங்கித் தயங்கி என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

"மேடம், எங்கிட்ட பன்னெண்டு சும்மாத்தான் இருக்கு. நான் நானூத்தி முப்பத்தேழுலதான் கோடு போட்டிருக்கேன்."

நானூற்று முப்பத்தேழைப் பார்த்தேன். அதே பெயர். கணவர் பெயரும் அதேதான். வயது மட்டும் இரண்டு கூடுதல். எங்கள் பக்கத்தில் ஒரே சாமியின் பெயரை ஒரு தெருவுக்கே வைத்திருப்பார்கள். இந்த இரண்டு பெண்களும் அப்படித்தான், போதாததற்கு வாய்த்த கணவர்களும் ஒரே பெயர்க்காரர்கள். காலையில் வந்தவர் முப்பத்தேழாம் எண்காரர், வடக்குத் தெரு. தையல்காரருக்கு முகம் தெரியும் என்பதால், வாசித்த எண்ணைக் காதில் வாங்காமல், ஆளைப் பார்த்துச் சரியான வரியில் கோடு போட்டிருக்கிறார். பக்கத்து ஊர்க்காரரோ வாசித்த எண்ணைக் கேட்டு, பன்னிரண்டில் போட்டிருக்கிறார்.

அப்படியானால் தவறான எண்ணை வாசித்தது யார்? எங்கள் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் மற்ற வட்டங்கள் எல்லாம் சின்னச் சின்னதாக, எண்ணை ஒட்டி இருந்தன. பன்னிரண்டைச் சுற்றி இருந்த வட்டம் மட்டும் பெரிதாக, வால் நீண்டு இருந்தது. விடைத்தாளில் தப்பான விடையைச் சுழிப்பது மாதிரி. அது என் கை.

அப்போதுதான் நினைவு வந்தது. பத்தரை மணிக்கு முதல் மேசைக்காரர், "ஒரு வாய் இட்லி சாப்பிட்டுட்டு வந்துடறேன் மேடம்" என்று போனார். அந்தக் கால் மணி நேரம் அவர் இடத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் சிலிப் இல்லாமல் வந்தார். பெயரைக் கேட்டேன், தேடினேன், முதலில் கண்ணில் பட்ட வரியில் கணவர் பெயரும் பொருந்தியதால் கோடு போட்டுவிட்டேன். பெயருக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டாம்பு அளவுப் படத்தை நான் பார்க்கவே இல்லை.

மண்டல அலுவலருக்குப் போன் செய்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார். காலையில் ஓட்டுப் போட்ட அம்மா நேரில் வந்து, அவருடைய ஆதார் எண் பதிவேட்டோடு ஒத்துப்போய், எல்லா ஏஜெண்டுகளும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், எழுத்துப் பிழை என்று திருத்திவிட்டு இவரை இயந்திரத்தில் போட விடலாம். அந்த அம்மா கிடைக்காவிட்டால் டெண்டர் ஓட்டுதான்.

தையல்காரர் தலையில் கை வைத்தார். "அந்தக்கா மக வீட்டுக்கு அறந்தாங்கி போறேன்னுச்சே மேடம். நாலரை பஸ்ஸு."

மணி நாலு இருபது. கிராம உதவியாளர் வெளியே வேப்பமரத்தடியில் இருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் பறந்தார்.

அவர் வரும்வரை காத்திருந்த நேரம் ஒரு முழுநாள் போல இருந்தது. பெஞ்சில் இருந்தவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்கத்தில் நின்று, "அக்கா, தப்பு எங்க பக்கம்தான் போலிருக்கு. கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றேன். போலிருக்கு என்றுதான் சொன்னேன். முழுதாகச் சொல்ல அப்போது வாய் வரவில்லை.

அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, அவராகவே பேசினார். போன தேர்தலில் அவர் பெயரே பட்டியலில் இல்லையாம். "வீட்டுக்காரரு செத்தப்ப அவரு பேர எடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்தேன். எம்பேரையும் சேத்து எடுத்துட்டாங்க. நான் உசுரோட இருக்கேன்னு சொல்ல மூணு தடவ ஆபீசுக்கு அலஞ்சேன் டீச்சர். மூணு நாளு வேலைக்குப் போகல. இப்பத்தான் அட்டை வந்துச்சு. இன்னைக்கும் கொட்டை நிறைய கெடந்துச்சு, மேஸ்திரி விடல. பாதியில போட்டுட்டு வந்தேன்."

என் வகுப்பறைதான் ஞாபகத்துக்கு வந்தது.

உலக நாடுகளின் அரசாங்கங்களைப் பற்றி நடத்தும்போது அமெரிக்காவைப் பற்றி ஒவ்வொரு வருடமும் நன்றாகவே நடத்துவேன். அங்கே கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமை உண்டு என்று அரசியல் சட்டத்தில் எழுதிய பிறகும், தென் மாநிலங்களில் பல பத்தாண்டுகள் அவர்களால் ஓட்டுப் போட முடியவில்லை. பெயரைப் பதியப் போனால் வரி கட்டினாயா என்பார்கள். சட்டத்தின் ஏதோ ஒரு பகுதியை வாசித்து விளக்கச் சொல்வார்கள். விளக்கியது சரியா தவறா என்று முடிவு செய்பவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு குமாஸ்தா. அவர் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டால் அவ்வளவுதான். வழக்குப் போடலாம், ஆனால் தீர்ப்பு வருவதற்குள் தேர்தலே முடிந்துவிடும். கடைசியில் எத்தனையோ பேர் அடிபட்டு, ஊர்வலம் போய், உயிரையும் கொடுத்த பிறகுதான் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. அதன்பிறகுதான் அந்தக் குமாஸ்தாவின் கை கட்டப்பட்டது. இதைச் சொல்லும்போது என் குரல் தானாக உயரும். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். அந்தக் கதையில் நான் எப்போதும் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றவர்களோடுதான் நின்றேன். மேசைக்குப் பின்னால் நானும் ஒருநாள் உட்காருவேன், தலையை ஆட்டுவேன் என்று தோன்றியதே இல்லை.

அவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள், நான் கவனமில்லாமல் செய்தேன். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் இந்தப் பெண் நான் சொன்னபடி அப்போதே வீட்டுக்குப் போயிருந்தால், வழி நெடுக அவருக்கு அந்த வித்தியாசம் என்ன ஆறுதலைக் கொடுத்திருக்கும்?

ஐந்தாக ஐந்து நிமிடம் இருந்தபோது வண்டிச் சத்தம் கேட்டது. கிராம உதவியாளருக்குப் பின்னால், மடியில் ஒரு பெரிய கட்டைப் பையோடு, வடக்குத் தெருப் பெண்மணி வந்து இறங்கினார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டவரை இறக்கிக் கூட்டிவந்திருக்கிறார். அந்த அம்மா பதறிப்போயிருந்தார்.

"என்னங்க, என் ஓட்டு செல்லாதுன்னுட்டாங்களா?"

"அதெல்லாம் செல்லும்மா. உங்க ஆதார் அட்டையை மட்டும் காட்டுங்க."

பைக்குள் கையை விட்டுத் துழாவி எடுத்தார். கடைசி நான்கு எண்களை நான் ஒவ்வொன்றாக வாசிக்க, இரண்டாவது மேசை ஆசிரியை பதிவேட்டில் விரல் வைத்துப் பார்த்தார். நான்கும் ஒத்துப்போயின. பட்டியலில் முப்பத்தேழாம் வரியில் இருந்த சின்னப் படத்தையும் இந்தமுறை நன்றாகப் பார்த்தேன். அவரேதான். நெஞ்சில் வைத்திருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி எடுத்தது போல இருந்தது.

அதற்குள் அவர் பெஞ்சில் இருந்தவரைப் பார்த்துவிட்டார். "அடி, நீதானா? ஒன் லெட்டரு எங்க வீட்டுக்கு வாரதும், என் லெட்டரு ஒங்க வீட்டுக்குப் போறதும் போதாதுன்னு இப்ப ஓட்டுமா?" என்றார். பெஞ்சில் இருந்தவர் அன்று முதல் தடவையாகச் சிரித்தார். சுவரோரம் இருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

ஏஜெண்டுகள் எல்லோரையும் கூப்பிட்டேன். "காலையில தப்பான வரியில கோடு போட்டது நான்தான். வேற யாரும் இல்ல" என்று சொன்னேன். பெஞ்சில் இருந்தவரைப் பார்த்து, "அக்கா, உங்களைப் போலீஸ்னு மிரட்டினதும் நான்தான். மன்னிச்சுக்குங்க" என்றேன். வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படியாகவே சொன்னேன், திட்டியதும் அவர்களுக்குக் கேட்கத்தானே திட்டினேன். முதலில் "வெரலப் பாருங்க" என்று கத்தியவர்தான் முதல் ஆளாக வந்து கையெழுத்துப் போட்டார். சாவடி நாட்குறிப்பில் நடந்ததை எழுதி, பட்டியலிலும் பதிவேட்டிலும் திருத்தி, என் கையெழுத்தைப் போட்டேன்.

"சரி டீச்சர், நேரமாச்சு" என்று மட்டும் அந்த அக்கா சொன்னார். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. அதை அவரிடம் எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

பதிவேட்டில் ரேகை வைத்தார். மை வைக்க விரலை நீட்டும்போது, "நல்லாத் தெரியிற மாதிரி வைங்க. நாளைக்கி நான் போடலன்னு யாரும் சொல்லிரக் கூடாது" என்றார். கறுத்த விரலில் மை தெரியவே இல்லை. ஆசிரியை நகத்துக்கு மேலே, தோல் கொஞ்சம் வெளிறிய இடமாகப் பார்த்து, நீளமாக ஒரு கோடு இழுத்தார். அந்த அக்கா மறைப்புக்குப் பின்னால் போனார். எத்தனையோ தடவை அன்று காதில் விழுந்த சத்தம்தான், ஆனால் அந்த ஒரு நீளமான பீப் சத்தத்துக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்தது. அவர் வெளியே வந்து, துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, நிற்காமல் நடந்துவிட்டார். கொட்டை இன்னும் மிச்சம் இருந்திருக்கும்.

வடக்குத் தெரு அம்மாவை ஆலங்குடி பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விடச் சொல்லி கிராம உதவியாளரை அனுப்பினேன். அங்கிருந்து அடுத்த பஸ் கிடைத்துவிட்டதாகத் திரும்பி வந்து சொன்னார். ஆறு மணிக்கு வாசலை மூடி, இயந்திரத்துக்குச் சீல் வைத்து, படிவங்களை நிரப்ப உட்கார்ந்தோம். டெண்டர் ஓட்டு எத்தனை என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'இல்லை' என்று எழுதினேன். இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன், ஒரு சொல்லை எழுதி அவ்வளவு நிம்மதி அடைந்ததில்லை. முதல் மேசைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "மேடம், இட்லி சாப்பிடப் போனது தப்புங்களா?" என்று கேட்டார். இல்லை சார், உங்கள் நாற்காலியில் நான் படத்தைப் பார்க்காமல் உட்கார்ந்ததுதான் தப்பு என்றேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. அமெரிக்கப் பாடம் வந்தபோது, அந்தக் குமாஸ்தாவைப் பற்றிச் சொன்ன கையோடு இதையும் பிள்ளைகளிடம் சொன்னேன். வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "அந்த பஸ் கெளம்பிப் போயிருந்தா என்ன மிஸ் ஆயிருக்கும்?" என்று கேட்டாள். அந்த அக்காவின் ஓட்டு ஒரு உறைக்குள் எண்ணப்படாமல் கிடந்திருக்கும், இல்லாவிட்டால் அதையும் போடாமல் போயிருப்பார் என்று உள்ளதைச் சொன்னேன்.

இப்போதெல்லாம் யாராவது என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "நான் செய்யல" என்று சொன்னால், வாயைத் திறப்பதற்கு முன் என் கையில் இருக்கும் தாளை ஒருமுறை பார்த்துவிடுகிறேன். அன்று நான் போகச் சொன்னபோது அந்த அக்கா போகாமல் இருந்தாரே, அவர் ஓட்டை மட்டுமல்ல, என்னையும் சேர்த்தல்லவா காப்பாற்றினார் என்ற நிம்மதி இன்றுவரை எனக்குக் குறையவில்லை.